கரைக்குள் போனவர்

"ஆறாம் வகுப்புக்குத்தானே? ஒரு கதை சொல்றேன். கேட்டுட்டுப் பதில் சொல்லு" என்றார் ஆலோசகர்.

அந்தப் பள்ளியில் புதிதாகச் சேர வருகிற பிள்ளைகளுக்குக் கணக்கும் கிடையாது, கையெழுத்தும் கிடையாது. வயதுக்கேற்ற நாட்டுப்புறக் கதை ஒன்றைச் சொல்லி, பிள்ளை அதை எப்படிப் புரிந்துகொள்கிறது என்று பார்ப்பார்கள். எந்தக் கதை எந்த வயதுக்கு என்று பிரித்து வைத்ததே இந்த அம்மாள்தான். நாற்காலி கொள்ளாத பெருமை அவருக்கு.

எதிரே பதினோரு வயதுப் பெண். மடியில் நாலு வயதுத் தம்பி, அவள் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தான்.

"இவன் எதுக்கு இங்க?"

"வெளிய விட்டா அழுவான் மேடம். இப்பல்லாம் என்னை விட்டு நகர்றதே இல்ல."

"சரி, இருக்கட்டும். சத்தம் போடக் கூடாது."

சின்னக் கதைதான். பெருமழையில் ஏரிக்கரை உடையப் பார்க்கிறது. காவல்காரர் உடைப்பை அடைக்க இறங்குகிறார். கரை நிற்கிறது, ஊர் பிழைக்கிறது. அவர் மட்டும் மண்ணோடு மண்ணாக உள்ளே போய்விடுகிறார்.

ஆலோசகர் நன்றாகவே சொன்னார். தம்பி பொத்தானை விட்டுவிட்டு வாயைப் பிளந்து கேட்டான்.

"இப்ப சொல்லு. அந்தக் காவல்காரர் என்ன ஆனார்?"

பெண் குனிந்து தம்பியின் முகத்தைப் பார்த்தாள்.

"உள்ளதான் இருக்காரு மேடம்."

"உள்ளேன்னா?"

"கரைக்குள்ள. வேலை இன்னும் முடியல. முடிஞ்சதும் வந்துடுவாரு."

"மண்ணு மூடிடுச்சேம்மா. மூச்சு எப்படி விடுவாரு?"

"விடுவாரு."

"சாப்பாடு?"

"கையோட கொண்டுபோயிருப்பாரு."

தம்பி பெரிய மனுஷன் மாதிரி தலையாட்டினான்.

நாலு வயதுப் பிள்ளையின் கணக்கில் யாரும் சாவதில்லை, போனவர் கட்டாயம் வருவார். பத்து தாண்டினால்தான் சாவு சாவாகத் தெரியும். ஆலோசகர் படித்த பாடம் இது. அதனால் இன்னொரு வாய்ப்புக் கொடுத்துப் பார்த்தார்.

"நல்லா யோசிச்சுச் சொல்லு. அவர் வீட்ல இருக்கிறவங்க என்ன பண்ணுவாங்க?"

"காத்துக்கிட்டு இருப்பாங்க."

அவள் தம்பியை இறுக்கி அணைத்துக்கொண்டாள். ஆலோசகர் அதைப் பயம் என்று எடுத்துக்கொண்டார். வெளியே பெஞ்சில் இருந்த தாய்மாமனைக் கூப்பிட்டார்.

"அப்பா, அம்மா வரலையா?"

மாமா சின்னவனை ஒருமுறை பார்த்துக்கொண்டார். "மச்சான் லாரி ஓட்டுறாரு மேடம். லோடு ஏத்திக்கிட்டுத் தூரமாப் போயிருக்காரு. அக்காவுக்கு உடம்பு சரியில்ல."

"சுத்தி வளைச்சுப் பேச எனக்கு வராது. உங்க பொண்ணு சொன்னது நாலு வயசுக் குழந்தை சொல்ற பதில். புத்தி அங்கயே நின்னுடுச்சு. மூணாம் வகுப்புல உட்காரட்டும், அப்புறம் பார்க்கலாம்."

"வகுப்புலயே முதல் மார்க் வாங்குற பொண்ணு மேடம்."

"மனப்பாடம் பண்ணினா யாரும் வாங்கலாம்."

மாமா மருமகளைப் பார்த்தார். அவள் குனிந்த தலை நிமிரவில்லை. தன்னில் பாதி உயரப் பிள்ளைகளோடு ஒரே பெஞ்சில் உட்கார வேண்டும், அதுவும் மூன்று வருஷம் பின்னால் போய். பேச வேண்டிய இடத்தில் அசடு மாதிரி உளறினால் வேறென்ன கிடைக்கும்?

"மாமா, தம்பிக்குத் தண்ணி வேணுமாம். கூட்டிட்டுப் போங்க."

சின்னவன் தண்ணீர் கேட்கவே இல்லை. மாமா அவனைத் தூக்கிக்கொண்டார். சிணுங்கிக்கொண்டே போனான். கதவு மூடிவிட்டதா என்று அவள் திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

"அந்தக் காவல்காரர் செத்துட்டார் மேடம். சாவோம்னு தெரிஞ்சேதான் இறங்கினார், ஊர் பிழைக்கணும்னு. இனிமே வர மாட்டார்."

ஆலோசகருக்கு எரிச்சல்தான் வந்தது. "இதை முதல்லயே சொல்றதுக்கு என்னம்மா?"

"எங்கப்பாவும் வர மாட்டார் மேடம். போன மாசம் லாரி கவுந்துடுச்சு. லோடு இறக்கிட்டு வந்துடுவாருன்னு தம்பிகிட்ட சொல்லி வெச்சிருக்கோம்."

கண்ணைத் துடைத்துக்கொண்டு, மன்னிப்புக் கேட்கிற குரலில் சொன்னாள்.

"நீங்க கேட்டப்ப அவன் என் மடியில இருந்தான். அவனுக்கு நாலு வயசுதானே மேடம்."