கூட வேலை பார்த்தவரின் சாட்சி

பயோடேட்டாவில் எழுதும் ஒவ்வொரு வரிக்கும் கூட வேலை பார்த்த ஒருவர் சாட்சி சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அந்த வரி தானாக அழிந்துவிடும். துளசிமணியின் இருபது வருட அனுபவம் அப்படித்தான் ஒரே நாளில் அழிந்தது.

திருப்பூர் பனியன் கம்பெனியின் கணக்குப் பிரிவில் இருந்ததே அவளும் மேனேஜர் தண்டபாணியும்தான். வேலையை விட்டுப் போகிறாளே என்ற கடுப்பில் அவர் ஜிஎஸ்டி தாக்கல், வருடக் கணக்கு முடிப்பு எதற்கும் சாட்சி சொல்லவில்லை. தானாகவே ஒரு வரியைச் சேர்த்து, அதற்கு மட்டும் சொன்னார்: ‘ஆடிட்டர் வந்தால் டீ வாங்கி வருவார்.’

அந்த ஒற்றை வரியோடு அவள் ஏறி இறங்காத கம்பெனி இல்லை. கடைசியில் ஒரு சாயப்பட்டறையில் பில் போட உட்கார்ந்தாள்.

பனியன் கம்பெனியை மூடிய மறுவாரம் தண்டபாணி போன் செய்தார். வாய் நிறைய மரியாதை.

“அம்மணி, நல்லாருக்கீங்களா? நம்ம பயோடேட்டாவுக்குச் சாட்சி சொல்ல நீங்க ஒருத்தர்தானுங்க இருக்கறீங்க. பழசெல்லாம் மனசுல வெச்சுக்காதீங்க.”

“அதெல்லாம் இல்லீங்க சார். இப்பவே சொல்லிடறனுங்க.”

அவர் அனுப்பியதைத் திறந்து படித்தாள். அத்தனையும் அவள் செய்த வேலை. அவளுடைய பழைய பயோடேட்டாவில் இருந்த அதே வார்த்தைகள்.

ஒவ்வொரு வரிக்கும் ‘எனக்குத் தெரியாது’ என்று விரல் வைத்தாள். பக்கம் வெறுமையானதும், தன் பங்குக்கு ஒரு வரியைச் சேர்த்துச் சாட்சி சொன்னாள்:

‘துளசிமணி வாங்கி வரும் டீயைக் குடிப்பார்.’