தெளியாத எண்ணெய்

"இஞ்சின் ஓடுற சத்தம் நடேசன் மாமாவுக்கு இன்னும் கேக்குமாப்பா?"

மகள் சுபஸ்ரீ என்றோ கேட்டது. பம்புசெட்டுக் கொட்டகைக்குள் கோதண்டராமன் நுழையும்போதெல்லாம் அந்தக் கேள்வி அவருக்கு முன்பாகவே உள்ளே போய் உட்கார்ந்துகொள்கிறது.

இஞ்சினை ஓட்டிக்கொண்டிருந்தவன் நடேசன். போன ஐப்பசியில், ஓடுகிற பெல்ட்டில் வேட்டி சிக்கி இதே கொட்டகையில்தான் செத்தான். அதற்குப் பிறகு யாரும் இஞ்சினைத் தொட வரவில்லை. கோதண்டராமனே ஓட்டினார்.

வளைகுடாச் சண்டை வந்ததும் மண்ணூர்ப் பக்கம் எந்த பங்க்கிலும் கேனில் டீசல் தர மறுத்தார்கள். பெயிண்ட் கம்பெனியில் வேலை செய்யும் ஜோயல்தான் ஒரு வழி சொன்னான். புங்க எண்ணெயில் ஸ்பிரிட்டும் காஸ்டிக் சோடாவும் கலந்து, கசடை நீக்கி, கழுவிச் சூடுபண்ணினால் அதுவே டீசல்.

முதல் பீப்பாய் தேன் மாதிரி தெளிந்து வந்தது. அடுத்ததிலிருந்துதான் வினை. சாயங்காலம் தெளிவாக இருக்கும் எண்ணெய், காலையில் மோர் மாதிரி கலங்கிக் கிடந்தது. இஞ்சின் இருமிவிட்டு நின்றது. நெல் பால் பிடிக்கிற நேரம். இந்த வாரம் தண்ணீர் பாயாவிட்டால் அத்தனையும் பதர்தான்.

"அவன்தான்டா வர்றான்" என்றார் கோதண்டராமன்.

"பேய் எதுக்குண்ணே டீசல்ல கைவெக்குது?"

ஜோயல் கலங்கிய எண்ணெயை ஒரு பாட்டிலில் பிடித்து வெயிலில் வைத்தான். மதியத்துக்குள் அடியில் தண்ணீர் தனியாகப் பிரிந்து நின்றது. அதற்கும் அடியில் வெளுப்பாக ஏதோ பொடி.

"பாத்தியா, தண்ணி. பேய் இன்னா பால்காரனா, தண்ணி கலக்க? எவனோ ஊத்திகினு கீறான்."

"இந்தப் பொடி இன்னாடா?"

"சோடா மிச்சமா இருக்கும். அத்த வுடு. உனுக்கு ஆவாதவங்க யாருன்னா கீறாங்களா?"

கோதண்டராமனுக்கு ஒரே முகம்தான் நினைவுக்கு வந்தது. நடேசனின் பெண்சாதி ரத்னா. அவன் போனதிலிருந்து அவர் அவளை நேருக்கு நேர் பார்த்ததில்லை. புருஷனை விழுங்கிய கொட்டகை. அதன் பயிர் கருகட்டும் என்று அவள் நினைத்தால் யார் குற்றம் சொல்ல முடியும்?

ஆனாலும் பயிரைக் கைவிட மனசில்லை. மறுநாள் விடியலில் போய், கொட்டகைக்கு எதிரே இருந்த புங்கமரத்துக்குப் பின்னால் நின்றார்.

ரத்னாவேதான் வந்தாள். சுற்றுமுற்றும் பார்த்தாள். பீப்பாயின் மூடியைத் தூக்கி, கையிலிருந்த சொம்புத் தண்ணீரை ஊற்றினாள்.

அதட்ட வாயெடுத்தவர் அப்படியே நின்றுவிட்டார். அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்து, வல்லக்கோட்டை முருகன் கோவில் விபூதியைப் பீப்பாய்க்குள் தூவினாள். மிச்சத்தை இஞ்சினுக்குப் பூசினாள். பிறகு நடேசன் விழுந்த இடத்தைப் பார்த்துக் கைகூப்பி, மெல்லச் சொன்னாள்:

"அபிஷேகத் தண்ணி ஊத்திட்டேன், இஞ்சின் ஓட்டுற அண்ணனை உங்கிட்ட கூப்ட்டுக்காதய்யா. யாருக்கும் தெரியாம நம்ம கொல்லையில அரிசி வெச்சிட்டுப் போறது அவுருதான்."