அலுக்காத மனிதர்

நாய் வளர்த்தே நொந்துபோனவர்களுக்கான கூட்டத்தில் ஒரு டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"குளிப்பாட்டி, மாத்திரை கொடுத்து, மூணு வேளையும் வெளியே கூட்டிட்டுப் போயி... முடியலை மேடம். யார்கிட்டயாவது கொடுத்துடப் போறேன்."

ஆலோசகர் வாய் திறப்பதற்குள் கடைசி வரிசைக்காரர் சிரித்தார். "நான் நாலு நாய் வளர்க்கிறேன். பத்து வருஷத்துல ஒரு நாள்கூட அலுத்ததில்லை!"

"எப்படி சார்?"

"பாசம் இருந்தா எதுவும் பாரமாத் தெரியாதும்மா."

டீச்சர் குற்ற உணர்ச்சியில் குறுகிப்போனாள். எல்லோரும் கைதட்டினார்கள், ஆலோசகரைத் தவிர.

கூட்டம் முடிந்ததும் கடைசி வரிசைக்காரர் நேராக ஆலோசகரிடம் வந்தார்.

"ஏண்டி, இன்னும் கிளம்பலையா? நாலையும் எப்பக் குளிப்பாட்டி, எப்ப எனக்குச் சமைக்கப் போறே?"

அதைக் கேட்ட டீச்சர் உடனே தன் கணவனுக்குப் போன் போட்டாள்.

"என்னங்க, நாயைக் கொடுக்க ஆள் கிடைச்சாச்சு. நீங்கதான்!"