டிக்கெட் அக்கா

“என் பொண்டாட்டிய எங்க அனுப்பி வச்சிருக்கீங்க?”

செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தவன் முதலில் கேட்டது இதைத்தான். லேப்டாப்பிலிருந்து நிமிர்ந்த சுகுணா எதிரே கிடந்த நாற்காலியைக் காட்டினாள். அவன் உட்காரவில்லை.

பெயர் முத்துசெல்வம், எப்போதும்வென்றான் ஊரில் லோடு வேன் ஓட்டுகிறவன் என்று அவனே சொன்னான். மனைவி காளீஸ்வரி மூன்று வயசு மகளைத் தூக்கிக்கொண்டு போய் இன்றோடு மூன்று நாள். போனை வீட்டிலேயே போட்டுவிட்டுப் போயிருந்தாள். அதிலிருந்து ஒரே நம்பருக்கு ஏழு தடவை பேசியிருந்தாள். அந்த நம்பரைத் தட்டிப் பார்த்தால், ‘டிக்கெட் அக்கா கோவில்பட்டி’ என்று காட்டியது. ரயில்வே ஸ்டேஷன் பக்கம் விசாரித்ததும் ஓர் ஆட்டோக்காரர் இந்த மாடியைக் கைகாட்டிவிட்டார்.

போர்டுகூட இல்லாத அறை அது. கோயம்புத்தூரில் ஒரு டிராவல்ஸில் பல வருஷம் வேலை பார்த்த சுகுணா, ஆறு வருஷத்துக்கு முன் இங்கே வந்து தனியாகத் தொழில் தொடங்கினாள். முதலில் ஸ்பின்னிங் மில் பெண்கள் ஊருக்குப் போக டிக்கெட் போட்டுக் கொடுத்தாள். பிறகு தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி குடும்பத்துக்கு மலேசியா. போன வருஷம் மெஹராஜ் பேகம் என்ற வாடிக்கைக்காரர் மூலமாக, பதினாறு பேர் மெக்காவுக்கு உம்ரா போக ஏற்பாடு. எந்த மாதம் கூட்டம் குறைவு, முட்டி வலிக்காரருக்கு எந்த சீட் வசதி, எங்கே நம் சாப்பாடு கிடைக்கும் என்று அவளைக் கேட்டுக்கொண்டுதான் பலர் வீட்டை விட்டே கிளம்பினார்கள். ஒருத்தர் போகிற இடத்தை இன்னொருத்தரிடம் சொல்லமாட்டாள் என்பதற்காகவே வந்தவர்களும் உண்டு.

காளீஸ்வரி அப்படி வந்தவள். அன்றைக்கு அவள் உதடு கிழிந்திருந்தது. ஒரு டிக்கெட் போதும், பிள்ளையை இங்கேயே விட்டுவிட்டுத் தனியாகப் போய்விடுகிறேன் என்றாள். சுகுணா சம்மதிக்கவில்லை. பிள்ளையோடு போவதானால்தான் டிக்கெட் என்று கண்டிப்பாகச் சொன்னாள். ஈரோட்டில் ஒரு பெண்கள் ஹாஸ்டல் சமையல்கட்டில் வேலைக்கும் அவளே பேசி வைத்தாள்.

“டிக்கெட் போடுதது என் வேலை. போறவிய எங்க போறாவன்னு ஊருக்குச் சொல்லுதது என் வேலை இல்ல.”

அவன் மேஜையில் ஓங்கிக் குத்தினான். வண்டியில் டீசல் கேன் இருக்கிறது, அறையோடு கொளுத்திவிட்டுப் போய்க்கொண்டே இருப்பேன் என்றான். சுகுணா எழுந்திருக்கவில்லை. காளீஸ்வரியை அடித்ததுண்டா என்று மட்டும் கேட்டாள்.

“அடிச்சேன். இல்லேங்கல. எங்கப்பா எங்கம்மாவ அடிச்ச அடியில பாதிகூட நான் அடிக்கல. எங்கம்மா சாகுத வரைக்கும் அந்த வீட்டு வாசலத் தாண்டல. இவளுக்கு மட்டும் என்ன கேடு?”

“அம்மா எப்ப தவறுனாவ?”

“எனக்கு நாலு வயசுல. மூஞ்சிகூட ஞாபகம் இல்ல.”

அதற்குப் பிறகுதான் அவன் நாற்காலியில் உட்கார்ந்தான். மகள் இல்லாமல் சோறு இறங்கவில்லை என்று சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. போலீசுக்குப் போனால் ஊரே சிரிக்கும் என்றான். சுகுணா தண்ணீர் பாட்டிலை அவன் பக்கம் நகர்த்தினாள். அவன் குடித்து முடிக்கும்வரை அவன் முகத்தையே பார்த்திருந்தாள்.

“நாகர்கோவிலுக்குத்தான் டிக்கெட் கேட்டுச்சு. அதுக்கு மேல எனக்குத் தெரியாது.”

அது பொய். நாலைந்து நாள் அங்கே அலைந்துவிட்டு, இதைவிடக் கோபமாக அவன் திரும்பி வருவான் என்பது அவளுக்குத் தெரியும். அதற்குள் காளீஸ்வரியையும் பிள்ளையையும் இன்னும் தூரமாக அனுப்பியாக வேண்டும்.

முத்துசெல்வம் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். கோபத்தில் ஏதேதோ பேசிவிட்டேன் என்றான்.

“மனசுல வச்சிக்கிடாதீங்க. வாரேம்மா.”

வேன் சத்தம் ஓயும்வரை சுகுணா ஜன்னலோரம் நின்றாள். இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால், புருஷன் அடித்து உடைத்த கையோடு, நாலு வயசு மகனைப் பால்வாடியில் விட்டுவிட்டு எப்போதும்வென்றான் விலக்கு ரோட்டில் பஸ் ஏறினாளே, அதற்குப் பிறகு அவன் அவளை அம்மா என்று கூப்பிட்டது இதுதான் முதல் தடவை.