முந்திப் போகும் கை

மார்த்தாளின் விரல்கள் அந்தரத்தில் நின்றுவிட்டன.

காது கேளாதோர் பள்ளி மைதானம். வானம் பார்க்க வந்த பிள்ளைகள் மணலில் உட்கார்ந்திருந்தார்கள். கிழக்கே தென்னைகளுக்கு மேல் செவ்வாய் ஏறியிருந்தது.

தொலைநோக்கியுடன் சென்னையிலிருந்து வந்திருந்த ரங்கமன்னார் பேச, மார்த்தாள் அதைச் சைகையில் சொல்லிக்கொண்டிருந்தாள். நட்சத்திரங்களுக்கு நடுவே முன்னே நகர்ந்துவந்த செவ்வாய், சில வாரங்களாகப் பின்னால் போவதுபோலத் தெரிகிறது என்றார் அவர்.

அதற்குச் சைகை இல்லை.

ஒவ்வோர் எழுத்தாக விரலில் காட்டிப் பார்த்தாள் மார்த்தாள். பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள்.

"விடுங்கம்மா, இதெல்லாம் இவங்களுக்குப் புரியாது. நிலாவக் காட்டிட்டு முடிச்சுக்கலாம்" என்றார் ரங்கமன்னார்.

ஓரமாக நின்றிருந்த இசக்கியம்மாளுக்கு அது கேட்கவில்லை. விளக்கு வெளிச்சத்தில் அவர் உதடுகளைப் படித்தாள்.

இதே பள்ளியில் படித்தவள். இயற்பியலில் முதுகலை முடித்து, அந்த ஆண்டுதான் இங்கேயே ஆசிரியையாகச் சேர்ந்திருந்தாள்.

நேராகப் போய் விளக்கின் முன் நின்றாள்.

இடது கையை மூடி நீட்டினாள். செவ்வாய். மெதுவாக நகர்த்தினாள்.

வலது கை பூமி. அதன் சுட்டுவிரல் செவ்வாயையே பார்த்தது.

பூமி உள்வட்டத்தில் வேகமாக வந்தது. நெருங்கியது. தாண்டியது.

சுட்டுவிரல் மெல்லப் பின்னால் திரும்பியது.

மறுபடி செய்து காட்டினாள்.

முன்வரிசையில் ஒரு சிறுமி துள்ளி எழுந்தாள். கைகளால் கேட்டாள்.

"அப்போ செவ்வாய் திரும்பவே இல்லையா?"

"இல்ல. நாமதான் முந்திப் போறோம்."

சிறுமி தன் கைகளைத் தூக்கினாள். பிறகு பக்கத்திலிருந்தவள். பிறகு எல்லோரும். மைதானம் முழுக்கப் பூமிகள் செவ்வாய்களைத் தாண்டிப் போயின.

ரங்கமன்னார் தொலைநோக்கியை விட்டு முன்னே வந்தார். பிறகு தயங்கித் தயங்கித் தன் கைகளையும் தூக்கினார். தப்பாக வந்தது. அந்தச் சிறுமி ஓடிப் போய் அவர் மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பிவிட்டாள்.

அன்று வீட்டுக்குப் போகும்போது இசக்கியம்மாள் பேருந்தில் உட்காரவே இல்லை. இடமிருந்தும் நின்றுகொண்டே போனாள்.

இரண்டு வருடம் கழித்து, கோயம்புத்தூரில் ஓர் அறிவியல் கண்காட்சி.

நட்சத்திர வரைபடத்தின் அருகே முன்பின் தெரியாத ஓர் இளைஞன். இசக்கியம்மாளுக்கும் தன்னைப்போலவே காது கேட்காது என்று தெரிந்ததும் அவன் முகம் மலர்ந்தது. செவ்வாயைக் காட்டினான்.

இடது கையை மூடினான். வலது கையில் சுட்டுவிரல் நீட்டினான். தாண்டினான். விரல் பின்னால் திரும்பியது.

"புரிஞ்சுதா?" என்று கைகளால் கேட்டான்.

இல்லையென்று தலையசைத்தாள்.

அவன் பொறுமையாக மறுபடியும் முதலிலிருந்து காட்டினான்.