மூணாவது ஆணி

"யோவ் பாய்! லாடம் அடிச்சியா, இல்ல என் குடியைக் கெடுக்க ஆணி அடிச்சியா?"

ரகுநாத் போட்ட சத்தத்துல தெருவே வாசலுக்கு வந்துருச்சு.

லாடக்காரர் முகமது ரபீக் அப்பத்தான் வண்டியை நிறுத்திட்டு, சாக்குப்பையோட இறங்குறார். நேத்துச் சாயங்காலம் லாடம் அடிச்சு முடிச்சு டீ குடிச்ச வரைக்கும், இந்தப் பையன் வாயில அவர் 'மாமா'. இன்னிக்கு 'பாய்'. அதுலயும் ஒரு 'யோவ்'.

"என்ன மாப்ள, காலங்காத்தால?"

"மாப்ளயும் வேணாம், மண்ணாங்கட்டியும் வேணாம். சிட்டைப் பாருய்யா!"

கொட்டகையில அவன் குதிரை சிட்டு, வலது முன்னங்காலை ஊன முடியாம தூக்கிப் பிடிச்சுக்கிட்டு நின்னுச்சு.

விடிஞ்சா விராலிமலைப் பக்கம் குதிரை வண்டிப் பந்தயம். பேர் குடுத்தாச்சு, தெருமுக்குல ஃப்ளெக்ஸும் வச்சாச்சு. ஃப்ளெக்ஸ்ல ஒரு பக்கம் சிட்டு, இன்னொரு பக்கம் கூலிங்கிளாஸ் போட்ட 'சாரதி ரகுநாத்'.

சாரதிக்கும் கால் சரியில்லை. போன வருசம் திருமயத்துப் பந்தயத்துல வண்டி குடை சாஞ்சு, தொடைக்குள்ள கம்பி வச்சிருக்கு. "இன்னொரு தடவை விழுந்தா நடக்கிறதை மறந்துர வேண்டியதுதான் தம்பி"ன்னு டாக்டர் சொல்லிட்டார். ஆத்தா சொர்ணவல்லி அழுது பார்த்தா, பேசாம இருந்து பார்த்தா. அவன் கேக்கலை.

இப்ப அவ அடுப்படி வாசல்ல, முந்தானையைச் சுருட்டிக் கைக்குள்ள பிடிச்சுக்கிட்டு நிக்கிறா. "வாங்கண்ணே"ன்னா. தலை நிமிரலை.

"இரு தங்கச்சி, என்னன்னு பாப்போம்."

ரபீக் ரகுநாத்துக்கு முதுகைக் காட்டிக் குனிஞ்சார். சிட்டு காலைத் தூக்கி முழங்காலுக்கு நடுவுல இடுக்கினார். குளம்பு கொதிச்சுச்சு. சுத்தியலால ஒவ்வொரு ஆணியாத் தட்டிப் பார்த்தார். அப்புறம் குறட்டால ஆணிகளைப் பிடுங்கி, லாடத்தை மெல்லக் கழட்டினார். கட்டைவிரலை உள்ள விட்டுத் தடவுனார்.

விரல் ஒரு இடத்துல நின்னுச்சு. குனிஞ்ச மனுசன் நிமிரவே இல்லை.

"என்னய்யா, ஓதிக்கிட்டு இருக்கியா?"

கையில இருந்ததையெல்லாம் சாக்குப்பைக்குள்ள போட்டுட்டு எந்திரிச்சார். சொர்ணவல்லியை ஒரு தரம் பார்த்தார்.

"மூணாவது ஆணி, மாப்ள. சதையில ஏறிருச்சு. என் கை பிசகிருச்சு."

"ஒத்துக்கிறியா?"

"ஒத்துக்கிறேன். தப்பு எம்மேலதான்."

"அப்ப வேற ஆணியா அடி. நாளைக்கு ஓடட்டும்."

"ஓடாது. ஒரு பத்து நாளு மண்ணுத் தரையில நிக்கட்டும். உப்புத் தண்ணி வெதுவெதுன்னு ஊத்து. மாட்டாஸ்பத்திரியில ஒரு டி.டி. ஊசி போட்டுரு. மீறி ஓட்டுனியோ, சீழ் வச்சுக் குளம்பே கழண்டுரும்."

ரகுநாத்துக்குக் கண்ணு மண்ணு தெரியலை. நல்ல காலால சாக்குப்பையை ஒரு எத்து எத்தினான். சுத்தியல் ஒரு பக்கம், குறடு ஒரு பக்கம் செதறுச்சு.

ரபீக் மண்டி போட்டுப் பொறுக்கினார். எல்லாத்தையும் பைக்குள்ள போட்ட பெறகும் வைக்கோலுக்குள்ள எதையோ துழாவிக்கிட்டே இருந்தார்.

"இன்னும் என்னத்தய்யா தேடுற? போன மானத்தையா?"

தெரு சிரிச்சுச்சு.

ரபீக் தேடுறதை விட்டுட்டு எந்திரிச்சார். வண்டியை எடுக்கையில, "தங்கச்சி, பிள்ளைக்குச் சோத்தைப் போடு. கோவத்துல பட்டினி கெடக்கப் போறான்"னு மட்டும் சொன்னார்.

அவர் முக்கு திரும்பலை, ரகுநாத் ஃபோனை எடுத்துட்டான். பந்தயக்காரங்க குரூப்ல பேசிப் போட்டான்.

"பங்காளிகளா, ரபீக் பாய்கிட்ட யாரும் குதிரையை விடாதீங்க. அந்தாளுக்குக் கண்ணும் போச்சு, கையும் போச்சு. சிட்டு காலை முடிச்சு விட்டுட்டான்."

பதில் மேல பதிலா வந்து விழுந்துச்சு.

'நல்லவேளை சொன்ன பங்காளி.'

'நாளைக்கு வரச் சொல்லியிருந்தேன். வேணாம்னுர்றேன்.'

கொஞ்சம் மனசு ஆறி, உப்புத் தண்ணி வாளியோட கொட்டகைக்குள்ள போனான். வெறுங்கால்ல என்னமோ உறுத்துச்சு. வைக்கோலை ஒதுக்கிப் பார்த்தான்.

கருங்கல் சில்லு. ஆனா வெறும் கல்லு இல்லை. துணியைச் சுத்தி, நூலால இறுக்கிக் கட்டியிருந்துச்சு. துணி ஒரு பக்கம் நசுங்கி, லாடத்து விளிம்புக் கறை பதிஞ்சிருந்துச்சு.

லாடத்துக்கும் குளம்புக்கும் நடுவுல யாரோ செருகியிருக்காங்க. நொண்டணும், ஆனா சிட்டுக்குக் குத்திரவும் கூடாது. அதுக்குத்தான் துணி.

அரக்குத் துணி. ஓரத்துல மஞ்சள் கரை.

"சாப்பிட வாப்பா."

சொர்ணவல்லி தட்டோட வந்து நின்னா. ரெண்டு கையும் தட்டைப் பிடிச்சிருந்ததால, இவ்வளவு நேரமும் சுருட்டிப் பிடிச்சிருந்த முந்தானை அவுந்து தொங்குச்சு. அரக்குச் சேலை, மஞ்சள் கரை. முனையில ஒரு விரல் அகலத்துக்குத் துணி இல்லை.

"வச்சிட்டுப் போ ஆத்தா. வாரேன்."

அவ போன பெறகு குரூப்பைத் திறந்தான். அழிக்கலாம்னு பார்த்தா, எல்லாரும் கேட்டு முடிச்சிருந்தாங்க. இல்ல, பாய் மேல தப்பில்லன்னு பேசலாம். அப்ப யார் மேலன்னு கேப்பாங்களே?

ரபீக் நம்பருக்குப் போட்டான். எடுத்தார்.

"மாமா..."



அங்கிட்டு வண்டி ஓடுற சத்தம் கேட்டுச்சு. அப்புறம் அது நின்னுச்சு.

"கெடைச்சிருச்சா மாப்ள? தூக்கிக் கெணத்துல போட்டுரு. நீ பார்த்தது தங்கச்சிக்குத் தெரிய வேணாம்."