விருந்தாளி தங்கக் கூடாது

“வந்த சனம் பொழுது சாயறதுக்குள்ள கிளம்பிடணும் எல்லம்மா. ராத்திரி தங்கறதெல்லாம் நம்ம வீட்ல ஆவாது.”

பின்கட்டில் வாடகைக்குக் குடியிருப்பவளிடம் கறாராகச் சொல்லிவிட்டு, மனோகர் பெட்டி அடுக்க உட்கார்ந்தார். லண்டனில் படிக்கும் மகன் உதய்க்குப் பட்டமளிப்பு விழா. மறுநாள் விமானம். ராபர்ட்சன்பேட்டை முழுக்கத் தம்பட்டம் அடித்தாகிவிட்டது.

அப்போதுதான் உதய் போன் செய்தான்.

“அப்பா, என் ரூம்ல நீங்க தங்கக் கூடாதுன்னு வீட்டுக்காரம்மா சொல்றாங்க.”

“இன்னாடா அநியாயம்! பெத்த அப்பன்டா நானு!”

“கெஞ்சிப் பாத்துட்டேன்பா. இங்க ஓட்டல்ல தங்கணும்னா நம்ம வீட்டையே விக்கணும்.”

“ஈவு இரக்கம் இல்லாதவளா இருக்காளே! எந்த ஊர்க்காரியா இருந்தா இன்னா, போனை அவகிட்ட குடு. நான் கேக்கறேன்.”

மறுமுனையில் போன் கைமாறியது. மனோகர் தொண்டையைச் செருமிக்கொண்டு, “ஹலோ மேடம், ஐ ஆம் உதய் ஃபாதர்…” என்று ஆரம்பித்தார்.

“தமிழ்லயே பேசுங்க சார். நான் ஷோபா. உங்க பின்கட்டுல குடியிருந்த துரையோட பொண்ணு. நீங்க யாருன்னு தெரிஞ்சுதான் உங்க பையனுக்கு ரூமே குடுத்தேன்.”

மனோகர் பின்கட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

“எங்கப்பா செத்த அன்னிக்கு, குடியாத்தத்துலருந்து துக்கத்துக்கு வந்த எங்க ஜனத்த, பஸ் ஸ்டாண்டுல போய்ப் படுங்கன்னு துரத்தினீங்களே, நெனப்பிருக்கா?”

“அது வந்தும்மா…”

“தாராளமா கிளம்பி வாங்க சார். இங்கயும் பஸ் ஸ்டாண்டு இருக்குது. குளிருதான் கொஞ்சம் ஜாஸ்தி.”